குடிபாலாவிலிருந்து வானத்தின் வழியே

"அந்தத் தண்ணித் தொட்டி பன்னண்டு மீட்டர் தாராளமா வரும்" என்கிறார் மனோரமா, பேருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று அவர் பார்க்கவில்லை. தொட்டி போய் ஒரு கல்யாண மண்டபம் வருகிறது. "இது ஒயரம், ஆனா பின்னால மலை மறைக்கிது." அடுத்து மாமரத் தோப்பு. இரண்டு குன்றுகளுக்கு நடுவே வானம் துண்டாகத் தெரிகிற ஓர் இடம் வருகிறது. சட்டென்று எழுந்து குனிந்து பார்க்கிறார். "தோ, சந்து! இந்தச் சந்துல விட்டா நேரா சந்திரகிரிக்குப் போவும்." முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து, பேருந்து சந்திரகிரிக்குப் போகாதே என்று கவலையோடு சொல்கிறார்.

மனோரமாவின் வீட்டுக்காரர் குணா பால் வண்டி ஓட்டுகிறார். மனைவியைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது ஒரே வரிதான். "மலையப் பார்த்தா எல்லாரும் கும்புடுவாங்க சார். இவ ஒயரத்த அளப்பா."

நாற்பத்து நான்கு வயது. காதோரம் நரை. வீடு குடிபாலாவை ஒட்டிய ஊரில். கடை சித்தூர் மார்க்கெட் சந்தில், எட்டடிக்கு எட்டடி. தொழில், மின்னணுத் தராசு பழுது பார்ப்பது. மாங்காய் மண்டி, வெல்ல மண்டி, கோழிக்கடை, தங்க நகைக் கடை என்று எல்லார் தராசும் அவர் மேஜைக்கு வந்து போகும். சோதனைக் கற்களை வெறுங்கையால் தொடவே மாட்டார். விரல் எண்ணெய் பட்டால் எடை கூடுமாம். வாடிக்கையாளர் தராசைத் திருப்பி வாங்கும்போது எண்ணைப் படிப்பார்கள். மனோரமா முதலில் தசமப் புள்ளியைப் படிப்பார். "நெம்பர் தப்பாப் போனா பார்க்கிறவனுக்கே தெரிஞ்சிடும். புள்ளி நகுந்தா தெரியாது. அதான் டேஞ்சர்."

இந்தப் புள்ளிப் பைத்தியம்தான் அவரை ரேடியோவில் கொண்டுபோய் விட்டது என்று நினைக்கிறேன். எட்டு வருஷங்களுக்கு முன் திருப்பதியில் ஒரு வாடகைக் கார் கம்பெனி மூடியது. அதன் வயர்லெஸ் செட்டுகள் பழைய இரும்புக் கடைக்கு வந்தன. தராசு உதிரி தேடப் போன மனோரமா அவற்றைப் பார்த்தார். உடனே வாங்கவில்லை. "லைசென்ஸ் இல்லாம வெச்சிக்கக் கூடாது அண்ணா. வர்ற வரைக்கும் உங்கிட்டயே கெடக்கட்டும்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்து, அமெச்சூர் ரேடியோ பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தார். மோர்ஸ் சத்தத்தைச் சாம்பார் கொதிக்கும்போதும் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். முதல் தடவை தோற்றார். இரண்டாம் தடவை தேறினார். அரசாங்கம் அவருக்கென்று ஓர் அழைப்புக்குறி கொடுத்த பிறகுதான் செட்டுகள் வீட்டுக்கு வந்தன. அதற்குள் ஒன்றில் பல்லி குடும்பம் நடத்தியிருந்தது.

முதலில் பேசினார். பேசுவதில் அவருக்குத் திருப்தியில்லை. இரைச்சலுக்கு நடுவே எதிர்ப்பக்கம் 'அறுபது' என்றால் இங்கே 'எழுபது' என்று கேட்கும். திருப்பதியில் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஸ்ரீவல்லியும் ரேடியோக்காரர். அவர்தான் ஒருநாள், "பேசறதை விட்டுட்டு கம்ப்யூட்டரை வெச்சு எழுத்தா அனுப்பிப் பார்க்கலாமே" என்றார். அன்றிலிருந்து மனோரமாவுக்குத் தூக்கம் குறைந்தது.

விஷயம் இவ்வளவுதான். பழைய மடிக்கணினி, எழுத்தை ஒலியாக மாற்றுகிறது. கரகரவென்ற அந்த ஒலியை ரேடியோ அனுப்புகிறது. எதிர்ப்பக்கத்துக் கணினி அதை மறுபடி எழுத்தாக்குகிறது. சிம் கார்டு வேண்டாம், டவர் வேண்டாம், மாதக் கட்டணம் இல்லை. மின்சாரத்துக்கு, தராசுக்கு இனி உதவாது என்று மனோரமா கழற்றிப் போட்ட பேட்டரிகளிலேயே தேறியவை. ஆறு வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்துக் கட்டினால் செட் ஓடும். ஓர் இடத்துக்கான மொத்தச் செலவு மலிவான ஒரு போனின் விலையைத் தாண்டாது. வேகம் மட்டும் கேட்காதீர்கள். படம் போகாது, பாட்டு போகாது. ஒரு பக்கக் கடிதம் போய்ச் சேர நிமிஷங்கள் ஆகும்.

"ஆனா போய்ச் சேரும்" என்று அவர் சொல்லும்போது குரல் ஏறுகிறது. "சேதிய துண்டு துண்டா வெட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கூட்டுத்தொகை போட்டு அனுப்பும். அந்தாண்ட இருக்கறது கூட்டிப் பார்க்கும். ஒத்துப் போவலையா? 'மறுபடி அனுப்பு'ன்னு கேட்கும். வந்தா முழுசா வரும், இல்ல வராது. பாதி வந்து ஏமாத்தவே ஏமாத்தாது!"

குடிபாலாவிலிருந்து திருப்பதிக்கு நேர்க்கோட்டில் அலை போகாது, மலை தடுக்கும். அதனால் நடுவில் இரண்டு இடங்களில், கேட்டதைத் திருப்பிச் சொல்லும் செட்டுகளை அனுமதி வாங்கி வைத்தார். சித்தூர்ப் பக்கத்துக் குன்றில் ஒரு கோழிப் பண்ணைக் கொட்டகையில் ஒன்று. சந்திரகிரியில் கேசவன் என்ற ஹார்டுவேர் கடைக்காரரின் மூன்றாம் மாடியில் இன்னொன்று. கேசவனுக்கு ரேடியோ தெரியாது. ஆனால் சிவப்பு விளக்கு மினுக்கினால் போன் செய்து, "அம்மா, உங்க சேதி என் வீட்டு மேல போய்க்கினு இருக்குது" என்று சொல்லிவிடுவார்.

மண்டிக்காரர்கள் விடவில்லை. திருப்பதி மார்க்கெட்டின் தக்காளி விலையை அதில் வரவழைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். மனோரமா மறுத்துவிட்டார். இந்த அலையில் வியாபாரம் பேசக் கூடாது, பிறர் சேதியைச் சும்மா கடத்தவும் கூடாது. சோதனை, வானிலை, ஆன்டெனா, அவ்வளவுதான். "அப்ப எதுக்குத்தான் இது?" என்று ஒரு மண்டிக்காரர் எரிச்சலோடு கேட்டார். "போன் செத்தா தெரியும்" என்றார் மனோரமா.

போன் செத்தது.

போன கார்த்திகையில், அவரைப் பற்றி எழுதக் குறிப்பெடுக்க நான் குடிபாலாவுக்குப் போன அன்று காலை மழை பிடித்தது. இரண்டு பகல், இரண்டு இரவு. நீவா நதி தரைப்பாலத்தை மூழ்கடித்தது. மூன்றாம் நாள் காலையில் ஊர் ஒரு தீவு. மின்சாரம் இல்லை. டவரின் டீசல் தீர்ந்திருந்தது. தாழ்வான தெருக்காரர்கள் அறுபது பேர் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். தீயணைப்புப் படையின் ரப்பர் படகு காலையிலும் மாலை நாலரைக்கும் வந்து அரிசியை இறக்கிவிட்டுப் போகும். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே சாலையும் போனும் அறுந்துவிட்டதாகப் படகுக்காரர்கள்தான் சொன்னார்கள்.

பதினோரு மணிக்கு வி.ஆர்.ஓ. கிரண்குமார் முழங்கால் வரை சேறோடு மனோரமா வீட்டுக்கு வந்தார். ஊரின் வருவாய் அதிகாரி. முப்பது வயதுக்காரர், தூங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. பின்னால் ஒரு பெண் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, மீ ரேடியோ பனி சேஸ்துந்தா, வேலை செய்யுதா? திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஒரு சேதி போவணும். அர்ஜென்ட்."

அந்தப் பெண் ரேஷ்மா. முப்பத்தொரு வயது, தையல்காரி. பதினோரு மாதங்களுக்கு முன் திருப்பதியில் அவளுக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். கொடுத்தது அவள் அம்மா. வெளியிலிருந்து வந்த உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, வேளை தவறாமல் மாத்திரை வேண்டும். மாத்திரையும் மருந்துச் சீட்டும் வெள்ளத்தில் போய்விட்டன. இரண்டு வேளை ஏற்கெனவே தவறியிருந்தது. மாத்திரையின் பெயர் அவளுக்கு நினைவிருந்தது. அளவு இல்லை. போன வாரம்தான் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மாற்றியிருந்தார்கள்.

"பாயிண்ட் அஞ்சா, ஒண்ணு பாயிண்ட் அஞ்சான்னு தெரியலக்கா. கொறைஞ்சா கிட்னி போவும். ஜாஸ்தியானாலும் போவும்னு டாக்டரு சொல்லிக்கிறாரு."

'பாயிண்ட்' என்ற வார்த்தையைக் கேட்டதும் மனோரமா நிமிர்ந்தார். கிரண்குமாரிடம் ஒரு தாளை நீட்டினார்.

"சார், போன் இல்ல, பேரிடர், சேதி அனுப்பணும்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்து போடுங்க. இது அடுத்தவங்க சேதி. நீங்க கேட்டாதான் நான் அனுப்ப முடியும்."

"இப்பவா அம்மா?"

"இப்பவே. ஒரு நிமிசம்."

அவர் எழுதினார். மனோரமா ரேஷ்மா பக்கம் திரும்பினார். அப்போது அவர் குரல் தணிந்துவிட்டது. "இங்க பாரும்மா. இதுல பூட்டு போட்டு அனுப்ப முடியாது, சட்டத்துல எடம் இல்ல. எந்த ஊர்ல செட்டு வெச்சிருக்கிறவனும் படிக்கலாம். ஆஸ்பத்திரியில உனக்குக் குடுத்த நம்பர் இருந்தா, பேருக்குப் பதிலா அத்த மட்டும் போட்டுடலாம். இருக்குதா?"

இல்லை. அதுவும் சீட்டோடு போயிருந்தது. ரேஷ்மா வாசலைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து பின்னாலேயே வந்த ஏழெட்டுப் பேர் அங்கே நின்றிருந்தார்கள். ஊரில் அவள் கல் எடுத்த ஆபரேஷன் என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரேஷ்மா துப்பட்டாவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு அவள், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "பேரே போடுக்கா. ரேஷ்மா. எங்க அம்மா கிட்னி குடுத்தாங்கன்னும் போடு. தெரிஞ்சா தெரிஞ்சிக்கட்டும்."

மனோரமா செட்டைத் தட்டினார். கோழிப் பண்ணையிலிருந்து பதில் வரவில்லை. மறுபடி தட்டினார். மூன்றாம் முறையும் மௌனம். குன்றிலிருந்த பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அது பிற்பாடு தெரிந்தது. பாதை நடுவிலேயே அறுந்துவிட்டது.

கிரண்குமார் சுவரில் சாய்ந்தார். "லேதா அம்மா? இல்லையா?"

"இருங்க சார், இருங்க!" மனோரமா ஏற்கெனவே பின்கட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார். நானும் ஓடினேன். அங்கே இருபது மீட்டர் கம்பி ஒன்று, நடுவில் கேபிள் இணைத்து, தலைக்குச் சற்று மேலே இரண்டு முருங்கை மரங்களுக்கு நடுவே கட்டியிருந்தது. ஒரு மாதத்துக்கு முன் கட்டியது. ஆன்டெனா என்றால் உயரத்தில் இருக்க வேண்டும், இது இவ்வளவு தாழ்வாக இருக்கிறதே என்று நானே கேட்டிருந்தேன். பக்கத்து வீட்டு சுலோசனா அதில் துணி காயப் போடுவார். அன்றும் ஒரு நைட்டி ஈரத்தோடு தொங்கியது. மனோரமா அதை உருவி என் தோளில் போட்டார்.

"இது மலையத் தாண்டிப் போவாது சார், மலைக்கு மேல போவும். நேரா வானத்துக்கு. மேல பட்டு மழையாட்டம் சுத்தி விழும். சித்தூர்ல விழும், வேலூர்ல விழும், திருப்பதியிலயும் விழும். பகல்ல மட்டும்தான். சாயங்காலம் ஆச்சின்னா வானம் இந்த அலைய வாங்காது."

அவர் கையால் சேர்த்த செட் ஒன்று இருந்தது. ஐந்து வாட், ஒரு சின்ன இரவு விளக்கின் பலம். அதைக் கம்பியில் மாட்டினார். ஸ்ரீவல்லியும் இவரும் ஒவ்வொரு மணி முடிவிலும் ஐந்து நிமிஷம் அந்த அலைவரிசையைக் கேட்பது என்று பேசி வைத்திருந்தார்கள். மழைக் காலத்துக்கான ஏற்பாடு. மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

பன்னிரண்டு. மனோரமா அனுப்பினார். பெட்டிக்குள் தவிட்டுக் குருவிக் கூட்டம் போல ஒரு சத்தம். நிறுத்தினார். வெறும் இரைச்சல். மறுபடி அனுப்பினார். இரைச்சல். மூன்றாம் முறை நிறுத்தியபோது, இரைச்சலுக்கு அடியில், மிக மெல்லிசாக, அதே குருவிக் கூட்டம் திரும்பிப் பேசியது.

"வல்லி!" என்று கத்தினார் மனோரமா. "வல்லிதான்! வந்துட்டா!" திரையில் ஸ்ரீவல்லியின் அழைப்புக்குறி எழுத்து எழுத்தாக வந்து விழுந்தது. கிரண்குமார் தெலுங்கில் ஏதோ சாமி பேரைச் சொன்னார். வாசல் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. எனக்கு மயிர் கூச்செறிந்தது என்று எழுத வெட்கப்படவில்லை.

சேதி முழுதாகப் போக ஒன்பது நிமிஷம் ஆனது. ஒவ்வொரு துண்டும் ஒத்துப்போனதாகப் பதில் வரும்போது மனோரமா மேஜையில் விரலால் ஒரு தட்டு தட்டினார். கடைசியில் ஸ்ரீவல்லியிடமிருந்து வந்த வரியை ஆங்கில எழுத்திலிருந்து அவரே படித்தார். "ஆஸ்பத்திரி லைன் கிடைக்கலை. நானே ஸ்கூட்டர்ல போறேன். தெருவில் தண்ணி. காத்துண்டிரு."

காத்திருந்தோம். ஒரு மணிக்கு ஒன்றும் இல்லை. இரண்டு மணிக்கும் இல்லை. பேட்டரி இறங்காமல் இருக்க, மணிக்கு ஐந்து நிமிஷம் தவிர மற்ற நேரம் எல்லாவற்றையும் அணைத்து வைத்தார். சுலோசனா எல்லாருக்கும் சோறு கொண்டுவந்தார். "துன்னுடி, துன்னாம உக்காந்துகினு இருந்தா அது சீக்கிரம் வந்துடுமா?" என்று ரேஷ்மாவை அதட்டினார். துணி காயப் போட்ட கம்பிதான் வேலை செய்கிறது என்று தெரிந்ததும், அதில் தன் பங்கும் இருக்கிற மாதிரி எல்லாரிடமும் சொன்னார். வெளியே வெளிச்சம் மங்கியது. மூன்று மணிக்கும் இல்லை. ரேஷ்மா எழுந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலரைக்குப் படகு வரும். அதை விட்டால் மறுநாள் காலைதான்.

நான்கு மணி. மனோரமா செட்டைப் போட்ட கணமே சத்தம். ஸ்ரீவல்லி காத்துக்கொண்டிருந்திருக்கிறார். சத்தம் மதியத்தைவிட மெலிந்திருந்தது. முதல் துண்டு வந்தது. இரண்டாம் துண்டு ஒத்துப்போகவில்லை. கணினி மறுபடி கேட்டது. மறுபடி ஒத்துப்போகவில்லை. பேட்டரி மீட்டர் முள் சரிந்துகொண்டிருந்தது. மனோரமா எழுந்து, கடைக்குக் கொண்டுபோக வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரின் தராசைத் திருகாணி கழற்றித் திறந்து, அதன் புதுப் பேட்டரியை உருவினார். இன்னொரு தராசிலிருந்து இன்னொன்று. "வெல்ல மண்டிக்காரரு மன்னிச்சிடுவாரு" என்று முனகியபடி, செட் அணையாமல் பக்கத்திலேயே கோத்துக் கட்டினார். முள் எழுந்தது.

ஆறாம் முறை இரண்டாம் துண்டு ஒத்தது. பிறகு மூன்றாவது, நான்காவது.

மனோரமா முதலில் புள்ளியைப் படித்தார். "புள்ளி இருக்குது. புள்ளிக்கு முன்னால பூஜ்யம். பின்னால அஞ்சு. பூஜ்யம் புள்ளி அஞ்சு, காலைல ஒண்ணு, ராவுக்கு ஒண்ணு." திருப்பதி மருத்துவர் இன்னும் ஒன்று சொல்லியிருந்தார். முகாமில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்றை ரேஷ்மா தொடவே கூடாது. அதை அவள் முந்தின நாள் வாங்கி முடிந்து வைத்திருந்தாள். துப்பட்டா முனையை அவிழ்த்து, அதை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

கிரண்குமார் தாளில் எழுதினார். மனோரமா அதை வாங்கித் திரையோடு மூன்று தடவை ஒப்பிட்டார். புள்ளியைப் பேனாவால் அழுத்திப் பெரிதாக்கி வட்டம் போட்டார். பிளாஸ்டிக் பையில் சுற்றி ரேஷ்மாவிடம் கொடுத்தார். அவளும் கிரண்குமாரும் சேற்றில் ஓடினார்கள். படகு கிளம்பும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அன்று மாலை ஏழு மணிக்குச் சித்தூர் அரசு மருத்துவமனையில் அவளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளில் பரிசோதனை முடிவுகள் பழைய நிலைக்கு வந்தன. பெண் பார்த்துவிட்டுப் போன ஒரு குடும்பம் பின்வாங்கியது. ரேஷ்மா அதைப் பற்றி என்னிடம், "போனா போவட்டும் சார், நல்லதுதான். இப்போ ஒளிச்சி வெக்க ஒண்ணுமில்ல" என்றாள். தையல் இயந்திரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு மனோரமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. மாவட்ட அலுவலகத்தில் கூப்பிட்டு, ஆற்றோரத்து ஊர்கள் ஐந்தில் இதேபோல் அமைக்க முடியுமா என்று கேட்டார்கள். ஆள் வேண்டும், அவர்கள் பரீட்சை எழுத வேண்டும், அனுமதி வேண்டும் என்று விரல் மடக்கிச் சொல்லிவிட்டு, மறுநாளே ஏணியோடு கிளம்பிவிட்டார். கோழிப் பண்ணைப் பெட்டிக்கு இப்போது இரட்டை மூடி. ஸ்ரீசிட்டியில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வரும் உதயா என்ற ரேடியோக்காரர் தடா பக்கத்தில் தன் மொட்டை மாடியைக் கொடுத்தார். கிழக்கே கடலோரத்திலிருந்து மேற்கே குடிபாலா வரை, ஆறு வீட்டு மாடிகளைத் தொட்டு, நூற்று முப்பது கிலோமீட்டர்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் அதன் முதல் சோதனை. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். தடாவிலிருந்து உதயா அனுப்பிய வரி ஒவ்வொரு மாடியாகத் தாவி வந்துகொண்டிருந்தது. சந்திரகிரியைத் தாண்டியதும் கேசவன் போன் செய்தார். அதை எடுக்கக்கூட மனோரமாவுக்கு நேரமில்லை. திரையில் எழுத்து விழுந்தது. வானிலைதான், வேறொன்றும் இல்லை. 'இங்கே நல்ல வெயில், கடல் காற்று அடிக்கிறது.'

மனோரமா மடிக்கணினியின் வயரைப் பிடுங்கி, அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல் சாலைக்கு ஓடினார். சித்தூர் பேருந்து வந்துகொண்டிருந்தது. நடுச் சாலையில் நின்று அதை நிறுத்தி, ஜன்னல் ஜன்னலாகத் திரையை உயர்த்திக் காட்டிக்கொண்டே போனார்.